வாழ்த்து மடலும் வழங்கும் கையும்



மார்கழி பிறந்துவிட்டால் தபால்காரரின் பையில் கனம் ஏறிய காலம் ஒன்று உண்டு. பொங்கற் பானையும் கரும்பும் ஏரும் உழவனும் அச்சிட்ட வாழ்த்து மடல்கள் வீடுதோறும் வந்து சேரும். வீட்டார் அவற்றைக் கயிற்றில் கோத்துச் சுவரில் தொங்கவிடுவர். இன்று வாழ்த்து, கைப்பேசியில் கண்ணிமைக்கும் நேரத்தில் வருகிறது. வந்த வேகத்திலேயே மறந்தும் போகிறது. ஆயினும், மாணவர்கள் தம் கையாலேயே மடல் செய்து விற்று, அந்தப் பணத்தை அறப்பணிக்கு அளிக்கும் வழக்கம் சில பள்ளிகளில் இன்னும் இருந்து வருகிறது. அதைக் குறித்தே சில எண்ணங்களை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இதில் எனக்கு ஒரு பட்டறிவு உண்டு. நான் செய்த பிழையும் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

வாழ்த்து மடலுக்கும் ஈகைக்கும் உள்ள உறவு புதியதன்று. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கென்று அச்சிட்டு விற்கப்பட்ட முதல் மடல் 1843-ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் வெளிவந்தது. ஹென்றி கோல் என்பவர் அதை வெளியிட்டார். ஜான் ஹார்ஸ்லி என்னும் ஓவியர் அதை வரைந்தார். விலை ஒரு ஷில்லிங். நடுவிலே ஒரு குடும்பம் மகிழ்ந்து விருந்துண்ணும் காட்சி. அதன் இருமருங்கிலும் என்ன தெரியுமா? ஒரு புறம் பசித்தவருக்கு உணவு வழங்குகிறார்கள். மறுபுறம் ஏழைக்கு ஆடை அளிக்கிறார்கள். நம் இல்லத்தில் விருந்து நடக்கும்போது வெளியே நிற்பவரையும் நினைக்க வேண்டும் என்பதை அந்த முதல் மடலே சொல்லிவிட்டது.

ஆனால் அந்தப் படத்தில் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் மற்றொருவர். நூறாண்டுகளுக்குப் பின்னர், ஒரு சிறுமி அந்த முறையை மாற்றிக் காட்டினாள். இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தபின், 1946-ஆம் ஆண்டின் இறுதியில், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் தோன்றியது. யூனிசெஃப் என்று நாம் வழங்கும் அமைப்பு அதுவே. அதன் உதவி சென்றடைந்த ஊர்களுள் செக்கோஸ்லோவாகியா நாட்டின் ருடால்ஃபோ என்னும் சிற்றூரும் ஒன்று. அங்கே ஏழு வயதுச் சிறுமி யிட்கா சாம்கோவா நன்றி கூறும் முகமாக ஓர் ஓவியம் தீட்டினாள். போரினால் காகிதத்துக்கும் பஞ்சம்; ஆகவே கண்ணாடித் துண்டின்மேல் தீட்டினாள். நட்டுவைத்த கம்பத்தைச் சுற்றிச் சிறுமியர் ஆடும் காட்சி அது. 1949-இல் யூனிசெஃப் அதையே தன் முதல் வாழ்த்து மடலாக வெளியிட்டது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஓவியர்களும் அந்நிறுவனத்தின் மடல்களுக்குத் தம் ஓவியங்களை அளித்தனர். ஆனால் தொடங்கி வைத்தது, உதவி பெற்ற ஒரு குழந்தையின் கை!

நம் நாட்டிலும் இதற்கு உறவான முயற்சி ஒன்று உண்டு. விமானத்தில் பணிபுரிந்த ரிப்பன் கபூர் என்னும் இளைஞர், 1979-ஆம் ஆண்டில் நண்பர்களோடு சேர்ந்து, 50 ரூபாயை முதலாகக் கொண்டு, 'க்ரை' என்னும் குழந்தைகள் நல அமைப்பைப் பம்பாயில் தொடங்கினார். அதற்குப் பொருள் சேர்க்க அவர்கள் கண்ட வழி, வாழ்த்து மடல் விற்பனை. வெறுங்கையை நீட்டாமல், ஒரு நல்ல பொருளைக் கொடுத்து அதன் விலையைப் பெற்றார்கள்.

இவற்றையெல்லாம் அறிந்திருந்தும் நான் பிழை செய்தேன். வல்லூரைச் சுற்றியுள்ள பகுதியை நேயர்கள் அறிவீர்கள். 500 மெகாவாட் திறன் கொண்ட மூன்று அலகுகளோடு அனல் மின் நிலையம் நிற்கும் இடம். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் மழையில் திருவள்ளூர் மாவட்டத்தின் பல ஊர்கள் நீரில் மிதந்தன. வெள்ளம் வடிந்து வகுப்புக்குத் திரும்பிய பிள்ளைகள் பலரிடம் புத்தகப் பையும் இல்லை. கவராயமும் பாகைமானியும் வைத்த பெட்டியும் இல்லை. பொங்கல் நெருங்கியது. "மடல் செய்து விற்போம்" என்றேன். பிள்ளைகள் துள்ளி எழுந்தார்கள். காகிதத்துக்கு எங்கே போவது? வெள்ளத்தில் தப்பிய பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம் இருந்தது. அதுவே எங்களுக்குக் கண்ணாடித் துண்டு. பொங்கல் படமென்றால் இரு மலைகளுக்கிடையே கதிரவன் எழுவதுதானே வழக்கம்? எங்கள் பிள்ளைகள் மலையைக் கண்டவர்கள் அல்லர். இரண்டு புகைபோக்கிகளுக்கிடையே கதிரவனை எழுப்பினார்கள்!

மடல் ஒன்றின் விலை 10 ரூபாய் என்று வைத்தோம். மற்றவர்களைவிட அழகாகச் செய்தவள் ஒரு மாணவி. அவள் வரைந்த புள்ளிக் கோலத்தில் ஒரு கோடும் பிசகாது. இரண்டாம் நாள், உதவி பெறப்போகும் பிள்ளைகளின் பெயர்களை நான் கரும்பலகையில் எழுதி, உரக்கப் படித்தேன். அவள் பெயரும் அதில் இருந்தது. மறுநாள் அவள் தூரிகையைத் தொடவில்லை. தனியே அழைத்துக் கேட்டேன். தலை நிமிராமல், "எனக்காக நானே போய் விற்கலாமா, ஐயா?" என்றாள்.

நேயர்களே, அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. முந்திய நாள்வரை அவள் கொடுப்பவர்களில் ஒருத்தி. நான் எழுதிய ஒரு பெயர் அவளைப் பெறுபவள் ஆக்கிவிட்டது. வெள்ளம் அவள் பையை மட்டுமே கொண்டுபோயிற்று. நான் அவளுடைய பெருமிதத்தை அல்லவா எடுத்துக்கொண்டேன்!

பெயர்களை அழித்தேன். வகுப்பின் முன் என் பிழையை ஒப்புக்கொண்டேன். வாங்கும் பொருள்களையெல்லாம் வகுப்பின் அலமாரியில் வைப்பது, வேண்டியவர் எடுத்துக்கொள்வது, யார் எடுத்தார் என்று எவரும் கேட்பதில்லை என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். கரும்பலகையில் பெயர்கள் இருந்த இடத்தில் கணக்கு ஏறியது: வண்ணத்துக்குச் செலவு இவ்வளவு, விற்றது இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. இரண்டு நாள் கழித்து அந்த மாணவி மீண்டும் தூரிகையை எடுத்தாள்.

மாலையில் மீஞ்சூர் ரயில் நிலையத்தின் வெளியே நின்று விற்றோம். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் வேலை முடிந்து திரும்புவோர் வாங்கினார்கள். தமிழ் படிக்கத் தெரியாத ஒடிசா மாநிலத் தொழிலாளி ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, அந்தக் கோல மடலையே தேர்ந்தெடுத்தார். தம் ஊரில் உள்ள மகளுக்கு அனுப்பப் போவதாகச் சைகையாலும் அரைகுறைச் சொற்களாலும் சொன்னார். யாருக்கு உதவி என்று அவர் கேட்கவில்லை. மடல் அழகாக இருந்தது, வாங்கினார். அப்போது அவள் முகத்தில் தோன்றிய ஒளி, எந்த உதவிப் பையாலும் வந்திருக்க முடியாது.

ஆகவே, பள்ளிகளில் இம்முயற்சியை மேற்கொள்ளும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. மடல் நல்ல மடலாக இருக்கட்டும். இரக்கத்தைக் காட்டி மட்டமான பொருளை விற்பது அறமாகாது. கணக்கு எல்லோரும் காணும்படி இருக்கட்டும். பெறுபவரின் பெயர் மட்டும் எவரும் காணாதபடி இருக்கட்டும். பெறும் கையும் வழங்கும் கையாக இருக்க இடம் கொடுங்கள்.

இந்தப் பொங்கலுக்கு உங்கள் வீட்டு வாசலில் ஒரு மாணவன் மடலோடு வந்து நின்றால், அவனைப் பார்த்து இரங்க வேண்டாம். மடலைக் கையில் வாங்கிப் பாருங்கள். பிடித்திருந்தால் விலை கொடுத்து வாங்குங்கள். தொலைவில் இருக்கும் ஒருவருக்கு உங்கள் கையெழுத்தில் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அந்தப் பிள்ளையின் உழைப்புக்கு அதுவே உரிய மரியாதை.