இல்லத்தில் நல்லிசை



வீட்டிலிருந்தபடியே உயர்ந்த சங்கீதத்தை அதன் நயம் குன்றாமல் கேட்க வேண்டும் என்னும் ஆசை இன்று பலரிடத்தில் தனியொரு பொழுதுபோக்காகவே வளர்ந்திருக்கிறது. ஸ்பீக்கர் பெட்டி, ஆம்ப்ளிபயர், டிஜிட்டல் பதிவை ஒலியாக மாற்றும் கருவி, அவற்றை இணைக்கும் கம்பி என இதற்குரிய பொருள்கள் பெருகிவிட்டன. ஆயிரக்கணக்கில் செலவிடுவோர் உளர். லட்சக்கணக்கில் செலவிடுவோரும் உளர். இவ்வளவும் செய்து நாம் பெற்ற ஒலி நல்லொலிதானா என்பதை எந்த அளவுகோலைக் கொண்டு அறிவது? இதுவே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

அளவுகோலைத் தேடிப் பாலக்காட்டுச் சீமைக்குச் செல்வோம். கேரளத்தின் கீழ்க்கோடியில், சித்தூர் வட்டத்தில், கோவை மாவட்டத்தின் அருகே அமைந்த ஊர் எருத்தேன்பதி. முன்னாளில் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த சித்தூர், 1956 நவம்பர் 1ஆம் தேதி கேரள மாநிலம் பிறந்தபோது அதில் அடங்கியது. தமிழ் வழங்கும் எல்லைப்புறம் அது. நம்மைப்போல் பிழைப்பை நாடி ஊர்விட்டுச் சென்றவர்கள் அல்லர் அவர்கள்; இருந்த இடத்தில் இருந்துகொண்டே வேறு மாநிலத்தில் வாழும் தமிழர்கள். இப்பக்கம் கோயில் திருவிழாவென்றால் நாகசுரமும் தவிலும். அப்பக்கம் செண்டை மேளம். மைக்கின் துணை வேண்டாத வாத்தியங்கள் இவை. இவற்றை நேரில் கேட்டுப் பழகிய செவி, பெட்டியிலிருந்து வரும் ஒலி இயற்கையானதா அன்றா என்பதைத் தானே சொல்லிவிடும்.

பாலக்காட்டின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய மிருதங்க மேதை மணி ஐயர் (1912–1981), மைக் வைக்காத கச்சேரியிலேயே வாசிப்பது என்று ஒரு காலத்தில் உறுதி பூண்டிருந்தார். வாத்தியத்தின் இயற்கை நாதம் மைக்கின் வழியே கெட்டுவிடுகிறது என்பது அவர் கருத்து. அந்த நாதத்தின் தனிச்சிறப்பை விஞ்ஞானமும் உணர்த்தியிருக்கிறது. சாதாரணத் தோற்கருவியில் எழும் துணையொலிகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. மிருதங்கத்திலோ வலந்தலையின் நடுவே அப்பிய கரணையின் கனத்தால் அவை சுருதியோடு இசைந்து நிற்கின்றன. இதனை 1920இல் எழுதிய கட்டுரை ஒன்றில் சி. வி. ராமன் எடுத்துக்காட்டினார். இத்துணையொலிகள் கலங்கினால் மிருதங்கம் தகர டப்பாவாகிவிடும். ஆகவே, வீட்டுச் சாதனத்தைச் சோதிக்க மிருதங்கத்தைவிட நல்ல கருவி நமக்கு வேண்டுவதில்லை.

இனி, பதிவின் பக்கம் பார்ப்போம். பழைய 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிஷங்களே இடமிருந்தது. ராக ஆலாபனை அதற்குள் ஒடுங்க வேண்டியதாயிற்று. 1982இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. அதில் ஒலியை வினாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கிறார்கள். அளக்கும் தடவையில் பாதிக்கும் குறைந்த அதிர்வுகளை மீண்டும் முழுமையாக எழுப்பலாம் என்பது கணித விதி. மனிதச் செவி உணரும் மேல் எல்லையோ வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள். வயது ஏற ஏற அதுவும் இறங்கிவிடும். எனவே குறுந்தகட்டின் தரம் செவிக்குப் போதுமானது. எம்.பி.3 முறையில் இப்பதிவைப் பதினோரில் ஒரு பங்காகச் சுருக்கியபோது நயம் குறைந்தது உண்மையே. ஆயினும் எதையும் இழக்காத பதிவுகள் இன்று இணையத்தின் வழியே எளிதாகக் கிடைக்கின்றன.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? பெரும்பாலும் ஸ்பீக்கரிலும் அறையிலும் இருக்கிறது. அறையின் நடுவே நின்று ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய ஒலி கணகணவென்று நீடித்தால், உங்கள் சங்கீதத்தோடு சுவர்களும் சேர்ந்து பாடுகின்றன என்று அறியலாம். தரையில் ஒரு ஜமக்காளம், ஜன்னலுக்குக் கனத்த திரை, எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி ஆகியவை இதனைப் பெரிதும் அடக்கும். ஸ்பீக்கரை மூலையில் ஒட்டி வைத்தால் தொப்பியின் நாதம் தடித்து முழங்கும். சுவரிலிருந்து சற்று முன்னே நகர்த்துங்கள். இரண்டு பெட்டிகளும் நீங்கள் அமரும் இடமும் சம பக்க முக்கோணமாக அமையட்டும். பெட்டி செவியின் உயரத்தில் இருக்கட்டும். இவற்றுள் பலவற்றுக்குக் காசு தேவையில்லை.

புதுக்கருவி வாங்குமுன் ஓர் எச்சரிக்கை. இரண்டு கருவிகளுள் சிறிதளவு உரக்க ஒலிப்பது எதுவோ, அதுவே சிறந்தது என்று நம் மனம் மயங்கும். ஆதலால் இரண்டையும் ஒரே அளவு ஒலிக்கச் செய்து, எது ஒலிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி வேறொருவர் மாற்றி மாற்றி வைக்கக் கேளுங்கள். விலையுயர்ந்த கம்பிகளின் பெருமை பல சமயங்களில் இச்சோதனையில் நிற்பதில்லை.

இது பணத்தைப் பற்றிய கவலை மட்டுமன்று. பம்பாயிலும் டில்லியிலும் பிறந்து வளரும் நம் குழந்தைகள் மிருதங்கத்தைப் பெரும்பாலும் கைப்பேசியில்தான் கேட்கிறார்கள். அதன் சிறிய ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் அனேகமாக எழுவதேயில்லை. வலந்தலையின் சொற்கள் கேட்கின்றன. தொப்பியின் கும்காரம் மறைந்துவிடுகிறது. பாதி மிருதங்கத்தைக் கேட்டு அதுவே முழு மிருதங்கம் என்று எண்ணி ஒரு தலைமுறை வளர்வதை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாகாது.

ஆகவே, விடுமுறையில் ஊருக்கு வரும்போது குழந்தைகளை ஒரு கோயில் திருவிழாவுக்கோ, மைக் இல்லாத ஒரு சிறு கச்சேரிக்கோ அழைத்துச் செல்லுங்கள். வாத்தியத்துக்கு அருகே அமரச் செய்யுங்கள். அதன் பிறகு, உங்கள் வசதிக்கேற்ற ஸ்பீக்கரோ, நல்ல ஹெட்போனோ வாங்கி, மணி ஐயரின் பழைய பதிவொன்றை அவர்களோடு சேர்ந்து கேளுங்கள். அவ்வாறு நேரில் கேட்ட குழந்தையிடமே, பெட்டியில் எது குறைகிறது என்று கேளுங்கள். அக்குழந்தை சொல்லும் விடை, எந்த விற்பனையாளர் சொல்லும் விடையிலும் மெய்யானதாக இருக்கும்.