கேஸ் சோதிக்க ஆள் வந்தால்...

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நம்மில் பலபேர் விறகடுப்பை விட்டு கேஸுக்கு மாறிட்டோம். அதைச் சோதிக்க வீட்டுக்கு ஆள் வந்தால் என்ன செய்வார், நாம என்ன கவனிக்கணும்னு தெரிஞ்சிருக்கணும்.

முதலில் அடையாள அட்டையைக் கேளுங்க. கூச்சப்பட வேண்டாம். சந்தேகம் இருந்தால், கேஸ் புத்தகத்தில் உள்ள ஏஜென்சி நம்பருக்குப் பேசிவிட்டு உள்ளே விடுங்க.

வந்தவர் ரெகுலேட்டர், ட்யூப், அடுப்புத் திருகு எல்லாம் பார்ப்பார். கசிவு இருக்கான்னு சோப்பு நுரை தடவித்தான் பார்க்கணும். தீக்குச்சியை எடுத்தால் உடனே தடுத்துடுங்க. சிலிண்டர் நிமிர்ந்து நிற்கணும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கணும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ட்யூப்பை 5 வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும். தேதி ட்யூப்பிலேயே இருக்கும். வெடிப்பு இல்லாமல், காலமும் முடியாமல் இருக்கும்போதே "மாத்தியே ஆகணும்"னு அவசரப்படுத்தினால் ஏஜென்சியைக் கேட்காமல் பணம் தராதீங்க. மாத்தினால் ரசீது வாங்குங்க.

கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதீங்க. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளோடு வெளியே வந்து 1906-க்கு போன் செய்யுங்க. ராத்திரியிலும் எடுப்பாங்க.

இதை உங்க குழுக் கூட்டத்திலும் சொல்லுங்க.