ஐஸ் கூடினாலும் மருந்து கெடும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சுகாதாரக் குழு உறுப்பினர்கள் சார்பில் பேசியது)



போன கூட்டத்தில் கடன் திருப்பம் பற்றிப் பேசியே நேரம் போயிட்டு. இன்னைக்கு எங்களுக்குக் கால் மணி நேரம் தந்திருக்காங்க. பிள்ளைகளுக்குப் போடுகிற தடுப்பூசி பற்றிப் பேசப் போறோம். ஊசி போடணுமா வேண்டாமாங்கிறது இல்லை. அந்த மருந்து நம்ம ஊர் அங்கன்வாடிக்கு வந்து சேருவது வரைக்கும் கெடாமல் எப்படி வருது, அதுதான் விஷயம்.

முதலில் எங்க தப்பைச் சொல்லிடுதோம். ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாள். மருந்துப் பெட்டி எடுத்துட்டு வர எங்களில் இரண்டு பேர் சிஸ்டர் கூட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அவங்க ஃப்ரீசரில் இருந்து நாலு ஐஸ் பேக்கை எடுத்து மேசை மேல் வரிசையா வச்சாங்க. வச்சுட்டுச் சும்மா நிக்காங்க. ஐஸ் பேக் வியர்க்குது, வெளியே வெயில் ஏறுது, அங்கன்வாடியில் தாய்மார் பிள்ளையும் கையுமா காத்திருக்காங்க. எங்களுக்குப் பொறுக்கல. "என்ன சிஸ்டர், ஐஸ் உருகுறதையா பாத்துட்டு நிக்கிய?" என்று கேட்டுட்டு, நாங்களே எடுத்துப் பெட்டிக்குள் வைக்கப் போனோம். "அக்கா, கையை எடுங்க" என்று ஒரு சத்தம் போட்டாங்க. எங்களுக்கு முகம் வாடிப் போச்சு.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பேக்கை எடுத்துக் காதுப்பக்கம் ஆட்டிப் பார்த்தாங்க. உள்ளே தண்ணி சலசலக்கிற சத்தம் கேட்டது. அதுக்கு அப்புறம்தான் நாலையும் பெட்டிக்குள் வச்சு, நடுவில் மருந்தை வச்சு மூடினாங்க. வழியில்தான் காரணம் சொன்னாங்க.

குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் மீன் விற்கிற அக்காமார் இங்கே இருக்கிய. மீனுக்கு ஐஸ் எவ்வளவு போட்டாலும் நல்லதுதான். நாங்களும் மருந்தை அப்படித்தான் நினைச்சிருந்தோம். ஆனால் தடுப்பூசி மருந்தை 2 டிகிரிக்குக் குறையாமலும் 8 டிகிரிக்குக் கூடாமலும் வச்சிருக்கணும். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்தில் பிள்ளைக்குப் போடுகிற பென்டா ஊசி, கர்ப்பிணிகளுக்குப் போடுகிற ரண ஜன்னி ஊசி, பிறந்த உடனே போடுகிற மஞ்சள் காமாலை ஊசி, இது மூணும் உறைஞ்சா போச்சு. தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறையும், வெயிலில் வச்சா பழையபடி ஆகும். இது அப்படி இல்லை. திரிந்த பால் மாதிரி. இளகினாலும் பழைய மருந்தாகாது. ஃப்ரீசரில் இருந்து எடுத்த ஐஸ் பேக், பூச்சியத்துக்கும் கீழே குளிர்ந்திருக்கும். அதை அப்படியே மருந்துக்குப் பக்கத்தில் வச்சா மருந்து உறைஞ்சு போகும்.

அன்னைக்கு எங்க இஷ்டத்துக்கு விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஊசி போட்டிருப்பாங்க, பிள்ளை அழுதிருக்கும், அட்டையில் தேதி விழுந்திருக்கும். பாதுகாப்பு மட்டும் பிள்ளைக்குக் கிடைச்சிருக்காது. கக்குவான் வந்து பிள்ளை மூச்சுத் திணறுகிற நாளில், 'ஊசி போட்டுமா இப்படி?' என்று நாம ஊசியைத்தான் குறை சொல்லியிருப்போம்.

மருந்து செய்கிற இடத்தில் இருந்து பிள்ளையின் கை வரைக்கும் இந்தக் குளிர் ஒரு இடத்திலும் அறுந்து போகக்கூடாது. இதைத்தான் 'கோல்டு செயின்' என்கிறாங்க. ஐஸ் இல்லாத காலத்தில் என்ன செய்தாங்கன்னு கேட்டியன்னா ஆச்சரியமா இருக்கும். 1802-ல் பம்பாயில் ஆனா டஸ்தால் என்ற மூணு வயதுப் பெண் பிள்ளைக்குத்தான் இந்தியாவில் முதல் அம்மைப்பால் வச்சாங்க. அவள் கையில் எழும்பின கொப்புளத்து நீரை எடுத்து அடுத்தவருக்கு, அவர் கையில் இருந்து அடுத்தவருக்கு. பிள்ளைகளே அன்னைக்கு ஐஸ் பெட்டி! நம்ம நாஞ்சில் நாடு திருவிதாங்கூரில் இருந்த காலம் அது. ராணி கௌரி லட்சுமி பாய் 1813-ல் அம்மைகுத்தைக் கொண்டு வந்தப்போ, ஜனங்கள் பயம் தெளியணும் என்று அரண்மனைக்காரங்க முதலில் குத்திக்கொண்டாங்களாம்.

இப்போ சுகாதார நிலையத்தில் ஐ.எல்.ஆர். என்று ஒரு பெட்டி இருக்கு. நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி முன்னால் திறக்காது, மேலே திறக்கும். குளிர்க்காற்று கனமானது, கீழேயே தங்கும். அதனால் மேல் மூடியைத் திறந்தாலும் குளிர் கொட்டிப் போகாது. பெட்டியின் சுவருக்குள் ஐஸ் இருக்கும். ஒரு நாளில் 8 மணி நேரம் தொடர்ந்து கரண்ட் இருந்தாலே மருந்தைக் காப்பாத்திடும். காலையும் மாலையும் டிகிரி பார்த்து எழுதணும், ஞாயிற்றுக்கிழமையும் விடக்கூடாது. 2021 ஜனவரியில் தொடங்கின கொரோனா தடுப்பூசியையும் இதே 2-8 டிகிரியில்தான் வச்சாங்க. பிள்ளைகளுக்காக ஏற்கெனவே இருந்த ஏற்பாடு பெரியவங்களுக்கும் உதவிச்சு.

ஆனா 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடிச்சப்போ நம்ம மாவட்டத்தில் பல ஊரில் நாள்கணக்கா கரண்ட் இல்லாமல் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டிய. அந்த மாதிரி நேரத்தில் பெட்டியைத் திறக்கவே கூடாது. கரண்ட் வர நாளாகும் என்று தெரிஞ்சா, மருந்தை ஐஸ் பேக்கோடு பெரிய குளிர்பெட்டியில் அடுக்கி, ஜெனரேட்டர் இருக்கிற இடத்துக்கு மாத்தணும். மரம் விழுந்து ரோடு மறிச்சுக் கிடந்தா வண்டி எப்படிப் போகும்? மழைக்காலம் தொடங்கும் முன்னமே பஞ்சாயத்தில் இதைக் கேட்டு வைக்கணும். சாலைக்கும் விளக்குக்கும் மனு கொடுக்கிற நாம இதையும் ஒரு மனுவில் சேர்த்தா என்ன?

இன்னொரு சண்டை அங்கன்வாடியில் அடிக்கடி நடக்குது. தட்டம்மை ரூபெல்லா மருந்து பொடியா வரும். தண்ணி மருந்து கலந்த பிறகு நாலு மணி நேரம்தான் வைக்கலாம். அதுக்கு மேலே கிருமி வளரும், பிள்ளை உயிருக்கே ஆபத்து. காலை ஒன்பதரைக்குக் கலந்த குப்பியில் மருந்து மிச்சம் இருக்கு, நீங்க நூறு நாள் வேலை முடிஞ்சு இரண்டு மணிக்கு வாறிய. சிஸ்டர் அந்தக் குப்பியில் இருந்து தர மாட்டாங்க. "இருக்கிற மருந்தைக் கீழே போடுதாளே" என்று ஏசாதீங்க. மேட்டிடம் காலையிலேயே சொல்லி வச்சு, பிள்ளையைப் பாட்டி கையிலாவது கொடுத்து அனுப்புங்க.

நாம கண்ணால் பார்க்கக்கூடியது ஒண்ணு உண்டு. மருந்துக் குப்பியில் கத்தரிப்பூ நிறத்தில் சின்ன வட்டம், அதுக்குள்ளே ஒரு வெளிர் கட்டம் இருக்கும். மருந்து சூடுபடப்பட அந்தக் கட்டம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தைவிடக் கட்டம் வெளிறி இருந்தா போடலாம். இரண்டும் ஒரே நிறமானாலோ, கட்டம் அதைவிடக் கறுத்தாலோ போடக்கூடாது. போலியோ சொட்டு மருந்து முகாமில் உட்காருகிற நம்ம குழுக்காரங்க கட்டாயம் இதைப் பார்க்கணும். பெட்டியை நிழலில் வைக்கணும், சும்மா சும்மா திறக்கக்கூடாது. ஒண்ணு மட்டும் கவனம், இந்தக் கட்டம் சூட்டைத்தான் காட்டும். மருந்து உறைஞ்சதைக் காட்டாது. அதுக்கு ஐஸ் பேக்கை ஆட்டிப் பார்க்கிற சிஸ்டர் காதுதான் நமக்குத் துணை.

அந்த வட்டத்தையும் கட்டத்தையும் அட்டையில் பெரிதா வரைஞ்சு கொண்டு வந்திருக்கோம். டீ குடிக்கும்போது ஒவ்வொரு குழுவாக வந்து, எது போடலாம், எது கூடாது என்று எங்ககிட்ட சொல்லிட்டுப் போங்க.