சுரங்கத்தில் சூழும் காணா நஞ்சு
(இராகலையில் ஆற்றிய உரை)



தேயிலை மலையில் நின்று சுரங்கத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பீர்கள். நம் முன்னோர் கண்டிச் சீமைக்கு வந்ததைப் போலவே, வட ஆர்க்காட்டிலிருந்து தமிழர் பலர் கோலார் தங்கவயலுக்குச் சென்றனர். மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் இறங்கி உழைத்தனர். 2001இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. கல்தூசி அவர்களுடைய நுரையீரலை அரித்த கதை ஊரறிந்தது. தூசியையாவது கண்ணாற் காணலாம். காணவும் முகரவும் இயலாத இன்னொரு பகை சுரங்கங்களில் உண்டு.

அதன் பெயர் ரேடான். ஏறக்குறைய எல்லாப் பாறையிலும் சிறிதளவு யுரேனியம் இருக்கிறது. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்து ரேடான் என்னும் வாயுவாகிறது. பிறக்கும்போது ஏற்படும் உதைப்பில் சில அணுக்கள் கல்லின் நுண்துளைகளுக்குள் பாய்கின்றன. அங்கிருந்து மெல்லப் பரவும். வெடிப்புக் கிடைத்தால் விரையும். ஊற்றுநீரிற் கரைந்தும் வரும். ஆனால் அதன் ஆயுள் குறைவு. 3.8 நாளில் பாதி அழிந்துவிடும். பிளவற்ற பாறையில் தொலைவு செல்லுமுன்பே மடியும். வெடிவைத்துப் பாறையைப் பிளந்தோமே, அங்கேதான் வினை! புதுப் பிளவுகள் வழி திறக்கின்றன. சொட்டும் நீர் வாயுவைக் காற்றில் உதறுகிறது. வெளியே காற்றழுத்தம் தாழ்ந்தால் பாறைக்குள் இருப்பதும் வெளிவருகிறது. விசிறி நின்றால் அத்தனையும் உள்ளேயே சேரும்.

வாயுவை இழுத்த மூச்சிலேயே பெரும்பாலும் விட்டுவிடலாம். அது சிதைந்து தரும் பொலோனிய அணுக்களோ தூசியில் ஒட்டி நுரையீரலில் தங்கி, ஆல்பாக் கதிரால் உயிரணுக்களைச் சுடுகின்றன. புகைபிடிப்பவருக்கு ஆபத்து இன்னும் பெரிது.

இது நேற்றறிந்த செய்தியா? இல்லை. ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளரைக் கொல்வது நுரையீரலில் வளரும் கட்டியே என்று ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்ற மருத்துவர் இருவர் 1879இலேயே எழுதினர். காரணம் ரேடான் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அப்படியிருந்தும் அமெரிக்காவின் அணுகுண்டுகளுக்காக நவஹோ மக்கள் யுரேனியம் வெட்ட இறங்கியபோது என்ன நடந்தது? 1950இல் அரசு மருத்துவர்கள் அவர்களைச் சோதிக்கத் தொடங்கினர். ஆபத்தை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை! 1967இல்தான் கூட்டரசின் கட்டுப்பாடு வந்தது; இழப்பீட்டுச் சட்டம் வர 1990 ஆயிற்று. அதற்குள் எத்தனை வீடுகளில் தாலி அறுந்தது!

நம் நாட்டிலே போகலயிலும் கஹட்டகஹவிலும் காரீயம் வெட்டுகிறார்கள். யுரேனியம் வெட்டவில்லையே என்பது போதிய பதிலன்று. ஷ்னீபெர்க்கில் முதலில் வெட்டியது வெள்ளி. இங்கிலாந்தின் கார்ன்வாலில் வெட்டியது தகரம். அங்கும் ரேடான் இருந்தது. அளக்கும் கருவி இன்று கைக்குள் அடங்குவது. அளந்த எண்ணைச் சுரங்க வாயிலில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைக்கட்டும். விசிறி நின்ற நேரத்தையும், அதன்பின் ஆள் இறக்கப்பட்ட நேரத்தையும் அதனருகிலேயே எழுதட்டும்.