உள்ளே ஒரு பிள்ளை, வெளியே ஒரு குடும்பம்



இன்றைய பேச்சு ஒரு தாயைப் பற்றியது. அவருக்குப் பெயர் வேண்டாம். இந்தியாவில் எந்த மாநிலத்திலும் அவர் இருக்கலாம். ஜார்க்கண்டில் செங்கல் சூளையில் மண் சுமக்கலாம். மத்தியப் பிரதேசத்தில் சோயா அறுவடைக்குப் போகலாம். ஆந்திராவில் மிளகாய் பறிக்கலாம்.

அவர் கணவர் கட்டட வேலை செய்தவர். சாரத்திலிருந்து விழுந்தார். அன்று முதல் படுக்கையில் இருக்கிறார். வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு 16 வயது. அப்பா விழுந்த பிறகு அவன் பள்ளிக்குப் போகவில்லை. டவுனில் ஒரு மெக்கானிக் கடையில் சேர்ந்தான். வீட்டுச் செலவில் பாதி அவன் கூலியில் நடந்தது.

ஒரு நாள் அவனைக் காவலர்கள் அழைத்துப் போனார்கள். சந்தையில் செல்போன் திருடினான் என்று வழக்கு. மறுநாள் அவனைக் கூர்நோக்கு இல்லத்தில் வைத்தார்கள். விசாரணை முடியும்வரை சிறுவர்களை வைக்கும் இடம் அது.

பிள்ளை உள்ளே போனான். வெளியே என்ன நடந்தது?

மறுவாரமே கூலி நின்றது. மளிகைக் கடையில் கடன் நின்றது. தாய் குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். "திருடன் தங்கச்சி" என்று பள்ளியில் யாரோ சொன்னார்கள். இளைய மகள் பையைத் தூக்கி மூலையில் போட்டாள்.

மகனைப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும். ஏனென்றால் கூர்நோக்கு இல்லம் எல்லா ஊரிலும் இல்லை. மாவட்டத்துக்கு ஒன்று இருக்கும். அல்லது சில மாவட்டங்களுக்குச் சேர்த்து ஒன்று இருக்கும். போய்வர ஒரு நாள் ஆகும். பஸ் காசும் போகும், அன்றைய கூலியும் போகும்.

ஒருவர் வந்தார். "ஜாமீனுக்குப் பணம் கட்ட வேண்டும்" என்றார். ஒரு தாளை நீட்டினார். தாய்க்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனால் தாளில் இருந்ததைப் படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போட்டார். காதில் கிடந்த கம்மலைக் கழற்றி அடகு வைத்தார்.

அந்தத் தாய்க்கு யாராவது சட்டத்தைச் சொல்லியிருந்தால் கம்மல் காதிலேயே இருந்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இளைஞர் நீதிச் சட்டம் 2015இல் நிறைவேறியது. 2016 ஜனவரி 15 முதல் நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிறையாதவர் எல்லாரும் இந்தச் சட்டப்படி குழந்தைகள்.

குழந்தையைப் பிடித்தால் போலீஸ் லாக்கப்பில் வைக்கக் கூடாது. சிறையிலும் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். இதில் பயண நேரம் சேராது. பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். இந்தக் குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவர் இருப்பார். சமூகப் பணியாளர் இருவர் இருப்பார்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

ஜாமீன் பற்றியும் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பிணையாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழந்தையை ஜாமீனில் விட வேண்டும். மறுப்பதற்கு மூன்று காரணங்கள்தான் உண்டு. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான் என்று தெரிய வேண்டும். அல்லது அவனுக்கே ஆபத்து வரும் என்று தெரிய வேண்டும். அல்லது நீதி கெட்டுப்போகும் என்று தெரிய வேண்டும். வீடு ஏழை வீடு என்பது இந்த மூன்றில் இல்லை.

ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியவில்லை என்றால்? 7 நாளுக்குள் முடியாவிட்டால் குழந்தையை மீண்டும் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். நிபந்தனையை மாற்றுவதற்காக இந்த ஏற்பாடு.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இல் வந்தது. அதன்படி குழந்தைகளுக்கு இலவசமாக வக்கீல் உண்டு. பெண்களுக்கும் உண்டு. தாலுகா நீதிமன்றத்திலோ மாவட்ட நீதிமன்றத்திலோ கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

குழந்தையை இல்லத்தில் அடைப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்பது இந்தச் சட்டத்தின் கொள்கை. குழந்தை வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதும் கொள்கை. அப்படியானால் திரும்பிப் போவதற்கு ஒரு வீடு நிலைத்து நிற்க வேண்டும் அல்லவா?

ஊர் கேட்கும் கேள்வி

"தப்புச் செய்தவன் வீட்டுக்கு ஊர்ப் பணமா?"

கிராம சபையில் இந்தக் கேள்வி எழும். கேட்பவரைக் கோபிக்க வேண்டியதில்லை. செல்போனைப் பறிகொடுத்தவரும் ஏழையாக இருக்கலாம். அவருடைய இழப்பையும் ஊர் மறக்கக் கூடாது. ஆனால் பதிலும் இருக்கிறது.

முதலாவது, விசாரணை இன்னும் முடியவில்லை. அவன் செய்தானா இல்லையா என்பதைக் குழுமம்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, பள்ளிப் பையை மூலையில் போட்ட தங்கை எந்தத் தப்பும் செய்யவில்லை. படுக்கையில் கிடக்கும் அப்பாவும் செய்யவில்லை.

மூன்றாவது, அந்தப் பையன் திரும்பி வருவான். இந்த ஊருக்குத்தான் வருவான். வரும்போது அடுப்பு எரியாத வீடு இருந்தால் எங்கே போவான்? பழைய கூட்டாளி வாசலில் காத்திருப்பான்.

ஏரிக்கரையில் ஓட்டை விழுந்தால் ஊர் என்ன செய்கிறது? யார் வயலுக்கு நேரே விழுந்தது என்று கேட்டு உட்கார்ந்திருப்பதில்லை. மண்வெட்டியோடு ஓடி அடைக்கிறது.

2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் சிறார் மீது 30,000க்கும் மேற்பட்ட வழக்குகள் பதிவாயின. பிடிபட்ட சிறாரில் பெரும்பாலோர் பெற்றோருடன் வாழ்ந்தவர்கள் என்று குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. அவர்களுக்கு வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்குத்தான் கை கொடுக்க வேண்டும்.

பணம் எங்கே இருக்கிறது?

முதலில் அரசின் நிதி ஆதரவுத் தொகையைப் பார்க்கலாம். மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்தும் திட்டம் மிஷன் வாத்சல்யா. 2022இல் வந்த அதன் விதிமுறைப்படி ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். தாய் விதவையாக இருக்கலாம். கணவரால் கைவிடப்பட்டவராக இருக்கலாம். பெற்றோர் கொடிய நோயில் விழுந்திருக்கலாம். விபத்தில் முடங்கியிருக்கலாம். அப்படிப்பட்ட குடும்பத்தின் குழந்தைகளுக்கு இந்தத் தொகை கேட்கலாம். கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்பது அந்த விதிமுறை. மனுவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும்.

இந்தத் தாயும் மனுக் கொடுக்கலாம். மகன் பிடிபட்டான் என்பதற்காக அல்ல. கணவர் விபத்தில் முடங்கினார் என்பதற்காக. அவர் சாரத்திலிருந்து விழுந்தபோதே கேட்டிருக்கலாம். அன்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மூத்தவன் பள்ளியிலேயே இருந்திருப்பானோ என்னவோ.

அடுத்தது ஊராட்சி. அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. அதோடு சேர்ந்த 11ஆம் அட்டவணையில் 29 இனங்கள் உள்ளன. பெண்கள், குழந்தைகள் மேம்பாடு அதில் ஒன்று. சமூக நலம் ஒன்று. நலிந்த பிரிவினரின் நலம் ஒன்று. ஆகவே இது ஊராட்சிக்குச் சம்பந்தமில்லாத வேலை என்று சொல்ல முடியாது.

15ஆவது நிதிக் குழு 2021-22 முதல் 2025-26 வரை ஊராட்சிகளுக்கு மானியம் வகுத்தது. அதில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று ஒதுக்கியது. மீதி 40 விழுக்காட்டை ஊரின் சொந்தத் தேவைக்கு விட்டது. சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் மட்டும் அதைத் தொடக் கூடாது என்றது. இதைத் தவிர வீட்டு வரி போன்ற சொந்த வருமானமும் ஊராட்சிக்கு உண்டு. எந்தப் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்பதற்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி உண்டு. ஊராட்சிச் செயலரிடம் கேட்டால் தெரியும்.

ஊராட்சி குடும்பம் குடும்பமாகப் பார்த்து உதவ முடியுமா? கேரளம் செய்து காட்டியது. 2000களின் தொடக்கத்தில் குடும்பஸ்ரீ வழியாக ஆஸ்ரயா என்ற திட்டம் அங்கே தொடங்கியது. ஊரிலேயே மிகவும் நொடித்த குடும்பங்களை அயலகப் பெண்களே கண்டறிந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு மருந்து, இன்னொன்றுக்குப் பள்ளிச் செலவு, வேறொன்றுக்கு வீடு என்று தனித்தனியாகத் திட்டம் போட்டார்கள். ஊராட்சி தன் திட்ட நிதியிலிருந்து ஒரு பங்கு கொடுத்தது. மாநிலம் ஒரு பங்கு கொடுத்தது.

ஊராட்சி என்ன செய்யலாம்?

எல்லாவற்றுக்கும் பெரிய தொகை வேண்டியதில்லை.

மகனைப் பார்க்கப் போகும் தாய்க்குப் பயணச் செலவுக்கு வழி செய்யலாம். ஊரக வேலைத் திட்டத்தில் அவருக்கு முதலில் வேலை கொடுக்கலாம். ரேஷன் அட்டையில் விட்டுப்போன பெயரைச் சேர்க்க உதவலாம். கணவருக்கு மாற்றுத் திறனாளி உதவித்தொகை வாங்கித் தரலாம். தங்கையை மீண்டும் பள்ளிக்கு அழைத்துப் போக ஒரு வார்டு உறுப்பினர் கூடப் போகலாம். படிக்கத் தெரிந்த ஒருவர் தாயுடன் குழுமத்துக்குப் போகலாம். தாளைப் படித்துச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடச் சொல்லலாம்.

நன்னடத்தை அலுவலர் அந்தப் பையனின் குடும்ப நிலையைப் பற்றி அறிக்கை எழுதுவார். ஊராட்சித் தலைவர் அவரைச் சந்தித்து, "இந்தக் குடும்பத்துக்கு ஊர் துணை நிற்கும்" என்று சொல்லலாம். குழுமம் முடிவு செய்யும்போது அந்தச் சொல் பையனுக்குத் துணையாகும்.

ஒன்றை மறக்கக் கூடாது. வழக்கில் உள்ள குழந்தையின் பெயரை வெளியிடக் கூடாது என்பது சட்டம். ஆகவே கிராம சபையில் பெயர் சொல்லிப் பேச வேண்டாம். நோட்டிலும் எழுத வேண்டாம். "நெருக்கடியில் உள்ள குடும்பங்களின் குழந்தைகள் நலன்" என்று ஒரு தலைப்பில் தொகை ஒதுக்கினால் போதும். எந்தக் குடும்பம் என்பது உதவி செய்யும் இரண்டு மூன்று பேருக்குத் தெரிந்தால் போதும்.

பிள்ளை திரும்பும் நாள்

விசாரணையை 4 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். தேவைப்பட்டால் இன்னும் 2 மாதம் நீட்டலாம். 3 ஆண்டு வரை மட்டுமே தண்டனை உள்ள சிறு குற்றமாக இருந்து, அதற்குள்ளும் விசாரணை முடியாவிட்டால் வழக்கு முடிந்துவிடும். குற்றம் நிரூபணமானாலும் எச்சரித்து வீட்டுக்கு அனுப்பக் குழுமத்துக்கு அதிகாரம் உண்டு.

அந்த வழக்கு அவன் வாழ்க்கை முழுதும் துரத்தக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. 16 வயதுக்கு மேற்பட்டவர் செய்த மிகக் கொடிய குற்றங்களுக்குத்தான் இதில் விலக்கு உண்டு. சட்டமே மறக்கச் சொல்வதை ஊர் எத்தனை நாள் நினைவில் வைத்திருக்கப் போகிறது?

ஒரு நாள் மாலை அந்தப் பையன் பஸ்ஸை விட்டு இறங்குவான். தலை குனிந்து நடப்பான். வீட்டில் தங்கை பாடம் படித்துக்கொண்டிருந்தால், அடுப்பில் சோறு இருந்தால், மறுநாள் மெக்கானிக் கடைக்காரர் "வா" என்று கூப்பிட்டால், அவன் பிழைத்துக்கொள்வான்.

2018 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 2 அன்று தொடங்கி மக்கள் திட்ட இயக்கம் நடந்து வருகிறது. அடுத்த ஆண்டில் ஊராட்சி எதற்குச் செலவிட வேண்டும் என்பதை மக்கள் சொல்லும் நேரம் அது. குழாய் வேண்டும், விளக்கு வேண்டும் என்று பலரும் கேட்பார்கள். கேட்கட்டும். நெருக்கடியில் உள்ள குடும்பங்களின் குழந்தைகளுக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்கள் என்று ஒரு தாயாவது எழுந்து கேட்க வேண்டும். கேட்பதோடு, அது நோட்டில் எழுதப்பட்டதா என்று வாங்கிப் படித்தும் பார்க்க வேண்டும். எழுத்தறிவு அதற்குத்தான்.