கோடைப் பாசறையும் கருப்பொருளும்

(இளையோர் பாசறைப் பொறுப்பாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோடை விடுமுறையில் ஊர்தோறும் பயிற்சிப் பாசறைகள் நடக்கின்றன. காலையில் உடற்பயிற்சி, அடுத்து மூன்று சொற்பொழிவு, மாலையில் கயிறிழுப்பு, இரவில் பாட்டு. ஒன்றற்கும் மற்றொன்றற்கும் தொடர்பில்லை. மேடையில் தமிழ், ஆடுகளத்தில் ஆங்கிலம்! பன்னீரகவைப் பிள்ளை எதைக் கைக்கொண்டு வீடு திரும்பும்? பேசியவரின் குரல்வளத்தையா?

பாசறைக்கு ஒரு கருப்பொருள் வேண்டும். தொல்காப்பியர் கருவென எண்ணியவை எவை? உணவு, மரம், விலங்கு, புள், பறை, தொழில், யாழ், தெய்வம். ஒரு நிலத்தின் வாழ்க்கை முழுமையும் அதில் அடங்கும். பாசறையும் அவ்வாறே கோக்கப்பட வேண்டும்.

ஏரியை எடுத்துக் கொள்ளுங்கள். முதல்நாள் முதிய நீர்க்கட்டி ஒருவருடன் கரைமேல் நடக்கட்டும். மடை, தூம்பு, கலிங்கு, வரத்துக்கால் என்று அவர் வாயினின்று வரும் சொற்களுக்கு அகரமுதலி வேண்டுவதில்லை. மறுநாள் களிமண்ணில் குமிழித்தூம்பு செய்யட்டும். ஏரிக்குள் நிற்கும் இரு கற்றூண்களுக்கிடையே மூடுகல்லைத் தூக்கினால் மேல்துளைவழி நீர் இறங்கும். கீழுள்ள சேறோடித் துளைகள் வண்டலை ஈர்த்து வெளியேற்றும். அதனால் ஏரி விரைவில் தூர்வதில்லை. கையால் செய்த பிள்ளை இதை மறவாது.

மூன்றாம் நாள் குடவோலை. பராந்தகச் சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்த முறையைக் கூறுகின்றன. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஆனால் வெறும் பெருமை பேசி நிறுத்தாதீர்கள்! அது பார்ப்பனர் அவை. நிலமுடைமையும் மறைக்கல்வியும் அங்குத் தகுதிகள். 921ஆம் ஆண்டு விதிப்படி அகவை 35க்கு மேல், 70க்குள். முதற்சுற்றை அவ்விதிப்படியே ஆடுக. பெண்பிள்ளைகளும் நிலமற்றார் வீட்டுப் பிள்ளைகளும் ஒதுங்கி நிற்கட்டும். கரை கட்ட மண் சுமந்தவர் பெயர் குடத்தில் ஏன் இல்லை என்று அவர்களே கேட்பார்கள். அக்கேள்விக்கு முன் எந்தச் சொற்பொழிவும் நில்லாது. அடுத்த சுற்றில் அனைவர் பெயரும் குடத்தில் விழட்டும். தேர்ந்த வாரியமே எஞ்சிய நாள்களின் சமையலையும் பணியையும் பங்கிடட்டும்.

நான்காம் நாள் வாய்க்கால் தூரெடுப்பு; அரைநாள் போதும், வெயில் கொடிது.

அடுத்த ஆண்டு பனையையோ தறியையோ கொள்ளலாம். பனையாயின் பனையேறியிடம் முன்னரே நாள் கேட்டு வையுங்கள். கோடையில் அவருக்கு ஓய்வில்லை.