இரண்டு உயிர்ப்பு ஞாயிறுகள்



நம் இராஜபாளையத்து நாயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடுச்சாமத்தில் தோப்பில் அது குரைத்தால், எழுந்து டார்ச் அடித்துப் பார்ப்பவரும் உண்டு. "சும்மா கிட" என்று அதட்டிவிட்டுப் புரண்டு படுப்பவரும் உண்டு.

கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்துக்குப் போகும் நம்மவர்கள், அப்படியே இரத்மலானைக்கும் போய்வரலாம். அங்கே இலங்கை விமானப்படையின் அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பழைய விமானங்களே போதும். பெரியவர்கள் அந்த இடத்தின் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1942 ஏப்ரல் 4. கனடா நாட்டு விமானி லெனார்ட் பிர்ச்சால், கடலில் ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு செய்தி அனுப்பினார். அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, அவர் போர்க்கைதியானார். ஆனால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் உயிர்ப்பு ஞாயிறு. கொழும்பில் ராடார் இருந்தது. இப்போது என் குரலைச் சுமந்துவரும் வானொலி அலையின் இனந்தான் அதுவும். அலையை அனுப்பி, விமானத்தில் பட்டுத் திரும்புவதைப் பிடிக்கும். இருந்தும் அந்தக் காலையில் இரத்மலானை விமானிகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. எதிரி விமானங்கள் தலைக்கு மேல் வந்த பிறகே ஓடிப்போய் ஏறினார்கள். நான்கு நாள் கழித்துத் திருகோணமலையில் ராடார் முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது.

2019 ஏப்ரல் 21. மறுபடியும் உயிர்ப்பு ஞாயிறு, அதே கொழும்பு. கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் திருப்பலிக்கு வந்தவர்கள் நடுவே குண்டு வெடித்தது. அன்று வெவ்வேறு இடங்களில் இறந்தவர்கள் 250 பேருக்கும் மேல். இந்தியாவிலிருந்து முன்னெச்சரிக்கை போயிருந்தது, அதுவும் ஏப்ரல் 4ஆம் தேதியே! கருவி எதுவும் பழுதாகவில்லை. தகவல் கையில் இருந்தும் செயல்படத் தவறினார்கள் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் அதிபர் உள்ளிட்டோரை இழப்பீடு தரச் சொன்னது.

எசேக்கியேல் நூலின் 33ஆம் அதிகாரத்தில் வரும் காவலாளியை அறிவோம். அவன் எக்காளம் ஊதாவிட்டால் பழி அவன்மேல் என்று அடிக்கடி பிரசங்கம் வைக்கிறோம். ஊதியும் காதில் வாங்காதவனைப் பற்றியும் அதே அதிகாரம் பேசுகிறது. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

மில்லில் இரவு ஷிப்டு முடிந்து வரும் பேத்தி நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று பாட்டி சொல்வார். "உங்களுக்கு வேற வேலை இல்ல" என்கிறோம். நான் மட்டும் என்ன? போன மாதம் திருப்பலி முடிந்ததும் ஒரு தாய், "சாமி, ஒரு நிமிஷம்" என்று வந்து நின்றார். "அடுத்த வாரம் பாக்கலாம்மா" என்றேன். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

இன்று மாலை அவர் வீட்டுக்குப் போகிறேன். எனக்காக மன்றாடுங்கள்.